மலைக்கு ஏற்ற இன்ஜின்

நம் வகுப்புக் குழுவில் மூன்று வாரமாக நடக்கும் சண்டையை நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தை மாதம் எல்லோரும் மலையில் கூடும்போது பழைய பள்ளி மைதானத்தில் ஒரு ரேடியோ விமானம் பறக்கவிட வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். நல்லது. அது தலைகீழாகப் பறக்க வேண்டும், வானத்தில் குட்டிக்கரணம் போட வேண்டும் என்றீர்கள். அதுவும் நல்லது. எந்த இன்ஜின் போடுவது என்றதும் ஆரம்பித்தது வம்பு. ஓய்வுபெற்ற தாசில்தார் பெட்ரோல் இன்ஜின் என்கிறார். நர்ஸம்மாவுக்கு அந்தக் காலத்து மெத்தனால் இன்ஜின்தான் வேண்டுமாம், வாசனைக்காக. டிராக்டர் வைத்திருக்கிறவர் எதையாவது போட்டுத் தொலையுங்கள் என்று கை கூப்பும் படம் அனுப்பியிருக்கிறார்.

ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. போளூரில் முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவள் நான். என் கடைக்கு வராத பம்புசெட் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் முடிவு செய்தாகிவிட்டது. அதை இப்போதே சொன்னால் மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து என்மேல் பாய்வீர்கள். அதனால் நாம் ஏழாவது படித்த வருஷத்துப் புளி உலுக்கும் காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு விமானம் பறந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் பார்க்கவில்லை.

அப்பா விமானப் படையில் பதினைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு அந்தப் பொங்கலுக்குத்தான் ஊரோடு வந்து சேர்ந்தார். அவர் ஊர் ஊராகச் சுற்றிய அத்தனை வருஷமும் அம்மா மலையில் மாவு மில் ஓட்டினாள். உங்கள் வீட்டுச் சாமையும் கேழ்வரகும் அங்கேதான் மாவாகின. மில்லுக்குள் இருந்த டீசல் இன்ஜின் அம்மாவின் சீதனம். அதற்கு முன் அது படவேட்டுப் பக்கம் அவள் அப்பாவின் கரும்பு ஆலையில் ஓடியது. மற்ற பெண்கள் பித்தளை அண்டாவோடு மலை ஏறினார்கள், அம்மா லாரியில் ஓர் இன்ஜினோடு ஏறினாள்.

அப்பா கொண்டுவந்தது ஒரு பச்சை இரும்புப் பெட்டி. உள்ளே ரேடியோ கருவி, நீள ஆன்டெனா, மொழுமொழுவென்று பால்சா கட்டைகள், எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டு குட்டி இன்ஜின்கள். சின்னதை நாற்பது என்றும் பெரியதை அறுபது என்றும் அப்பா சொல்வார். உள்ளே பிஸ்டன் நகரும் இடத்தின் அளவாம். நாற்பது புத்தம் புதுசு, வெள்ளிக் குங்குமச் சிமிழ் மாதிரி மின்னியது. அறுபது யாரோ பயன்படுத்திய பழையது. எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெய் உள்ளே காய்ந்து வெல்லப்பாகாக இறுகி, தண்டைத் திருப்பினால் அசையாது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு, செத்துப்போச்சு என்று அப்பா அதைப் பெட்டியின் அடியில் போட்டார்.

அந்த மாசி முழுக்க நம் வகுப்பே எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா? பால்சா இறக்கைக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. உடம்புக்குக் கல்யாண முருங்கைப் பலகையை இழைத்தார் அப்பா. இறக்கையின் மடல்களை ரேடியோ மோட்டாரோடு இணைக்கக் கம்பி வேண்டும் என்றார். இன்றைய டிராக்டர்க்காரர் தன் மாமாவின் சைக்கிளிலிருந்து ஆறு ஆரக்கம்பிகளைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினார். கம்பியின் முனையில் மரை இருப்பதால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அந்த மாமா சக்கரம் கோணிப்போய் ஓடைக்குள் விழுந்தது தனிக் கதை.

என் பங்கும் உண்டு. விமானம் தலைகீழானால் டாங்கில் இருக்கும் எரிபொருளும் தலைகீழாகிவிடும், குழாய் வெறும் காற்றை உறிஞ்சும், இன்ஜின் நின்றுவிடும். அதற்காக டாங்குக்குள் ஒரு வளையும் குழாய், அதன் நுனியில் ஒரு சின்ன எடை. எரிபொருள் எந்தப் பக்கம் போகிறதோ எடையும் அந்தப் பக்கம் விழும். டானிக் பாட்டில் டாங்க் ஆனது. எடைக்குச் சரியான பொருள் கிடைக்காமல் அப்பா திண்டாடியபோது நான் என் கொலுசின் மணி ஒன்றைப் பிடுங்கி, துளையைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பாட்டிலைக் குலுக்கினால் உள்ளே கிணுங்கும். மணி போன அந்தக் கொலுசு இன்னும் என் கடை டிராயரில் கிடக்கிறது. அதன் ஜோடி எங்கே போனதென்று தெரியவில்லை.

விளையாட்டுக்காக மட்டும் கட்டிய விமானம் இல்லை அது. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் கட்டவும் பறக்கவிடவும் சொல்லித்தர ஆள் தேடினார்கள். அப்பா எழுதிப் போட்டார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கே வந்து பார்க்கிறேன் என்று அதன் பொறுப்பாளர் பதில் எழுதினார். குட்டிக்கரணமும் தலைகீழ் ஓட்டமும் சரியாக வந்தால் வேலை உறுதி, குடியிருக்க வீடும் தருவார்கள். வேலை கிடைத்தால் நாங்கள் கீழே குடிபோவோம். மில்லை விற்றுவிடுவோம்.

விற்பது பேச்சளவில் இல்லை. புளி வியாபாரி ஒருவர் வந்து மில் கொட்டகையைக் காலடியால் அளந்து, கூரைத் தகரத்தைத் தட்டிப் பார்த்து, இன்ஜினுக்கும் சேர்த்து விலை சொல்லிவிட்டுப் போனார். அவர் இருந்த நேரமெல்லாம் அம்மா இன்ஜினின் பெரிய சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மனசு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எனக்குக் கீழே போக வேண்டும். சினிமா கொட்டகை இருக்கும் ஊர், பெண்களுக்கென்று தனிப் பள்ளிக்கூடம், தெரு முழுக்க விளக்கு. நான் முழுசாக அப்பா கட்சி.

அப்பா நாற்பதை விமானத்தின் மூக்கில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா மில்லிலிருந்து வந்தவள், தலையில் மாவோடு அப்படியே நின்று பார்த்தாள்.

“இன்னாங்க, இந்தக் குட்டி இன்ஜினயா பூட்டப் போறீங்க?”

“இதான் கணக்கு. இந்த எடைக்கு நாப்பது போதும்னு புஸ்தகத்துல போட்டிருக்குது.”

“புஸ்தகம் எழுதனவரு எந்த ஊர்ல உக்காந்துக்கினு எழுதனாரு?”

“எந்த ஊரா இருந்தா இன்னா?”

“கீழ எங்க வூட்ல இதே டீசல் இன்ஜின் கரும்ப சக்கையா பிழிஞ்சு துப்பும்ங்க. இங்க ஏத்திக்கினு வந்த மொத நாளே கேவுரு அரைக்க முக்குச்சு. கருப்பா பொகையா கக்குச்சு. கீழருந்து வந்த மெக்கானிக்கு நாலு பேரு இன்ஜின் போச்சுன்னு சொன்னாங்க. ஒண்ணும் போவல. மலையில காத்து கம்மி, அதுக்கு மூச்சு பத்தல. டீசலக் கொறைச்சு, புல்லிய மாத்தி நான்தான் ஓட்டிக்கினு இருக்கறேன். பெருசப் போடுங்க.”

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது டீசலு. இது ஏரோப்ளேன் சமாச்சாரம். நீ மாவப் பாரு.”

நான் சிரித்துவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெரிய பெரிய விமானங்களுக்கு வேலை பார்த்த மனிதரிடம் மாவு மில்காரி இன்ஜின் பற்றிப் பேசுகிறாளே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. மில்லில் ஆள் காத்திருந்ததால் போய்விட்டாள்.

வெள்ளோட்டம் நீங்கள் பார்த்ததுதான். பொறுப்பாளர் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. விமானம் மைதானத்தின் கடைசி வரை ஓடி, ஒரு வழியாக எழும்பியது. அப்பா குட்டிக்கரணத்துக்கு மூக்கை மேலே தூக்கினார். பாதி வட்டம் வரை ஏறியது, அங்கே திணறியது, அப்படியே பக்கவாட்டில் சரிந்து நாவல் மரத்தில் மோதியது. தாசில்தார் வாலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நர்ஸம்மா உடைந்த இறக்கையைப் பாவாடையில் ஏந்தி வந்தார். அன்றைக்கே நர்ஸ் வேலை தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அப்பா காற்றைக் குறை சொன்னார். மரத்தைக் குறை சொன்னார். எரிபொருளை அளந்துவிடும் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்ஜினை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் அவர் வெறும் தரையில் உட்கார்ந்து, ஒட்டுவதற்காக மரத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷம் வெளியில் இருந்துவிட்டு வந்தவருக்கு ஊரில் பெயர் சொல்லும்படி ஒரு வேலை இல்லை. மில் அம்மாவுடையது. அந்தக் கல்லூரி வேலை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றுதான் புரிகிறது.

மறுநாள் காலை. முதல் கூட்டம் அரைத்துவிட்டுப் போனதும் அம்மா வீட்டுக்கு வந்து, யாரையும் கேட்காமல் பச்சைப் பெட்டியைத் திறந்து அறுபதை எடுத்தாள். ஒரு பால்பவுடர் டின்னில் அதைப் போட்டு மூடினாள். களி கிண்டிய அடுப்பில் நெருப்பை வெளியே தள்ளிவிட்டு, சூடான சாம்பலுக்குள் டின்னைக் கழுத்துவரை புதைத்தாள்.

“இன்னாம்மா பண்ற?”

“விளக்கெண்ண ஒறைஞ்சா ஊறப்போட்டு ஆவாது. வேர்க்க வைக்கணும்.”

கொஞ்ச நேரத்தில் அடுப்பங்கரை முழுக்க விளக்கெண்ணெய் வாடை. அம்மா இடுக்கியால் டின்னை எடுத்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு இன்ஜினைப் பிடித்து, தண்டில், விமானத்தை இழுக்கும் பழைய விசிறி ஒன்றை மாட்டி மெதுவாகத் திருப்பினாள். முதலில் அசையவில்லை. பிறகு இம்மி நகர்ந்தது. பழுப்பாக எண்ணெய் கசிந்தது. அடுத்த திருப்பில் ‘தப்’ என்று ஓர் அழுத்தம் கையில் தெரிந்தது. அம்மா என் விரலை எடுத்து விசிறியின் மேல் வைத்தாள். எதிர்த்துத் தள்ளியது. உள்ளே உயிர் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. “இது ஓடுச்சுன்னா அப்பாவுக்கு வேல கெடைச்சிடும். மில்லு போய்டும். தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்புறம் ஏம்மா?”

அம்மா விசிறியை இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தாள். “மில்லு போறது வேற கத, அத்த அப்புறம் பேசிக்கலாம். அதுக்குன்னு தப்பான இன்ஜினப் பூட்டறதப் பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா? என்னால ஆவாது பாப்பா.”

அப்பா வந்ததும் அவர் கையில் அதை வைத்தாள். அவர் விசிறியைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். உட்கார்ந்து நாற்பதின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

சும்மா மாட்டிவிடவும் முடியவில்லை. திருகு ஓட்டைகள் பொருந்தாமல் புதிதாகத் துளை போட்டார்கள். அறுபது கனம், விமானம் மூக்குக் குத்தியது. ரேடியோவின் பேட்டரியை இறக்கைக்குப் பின்னால் தள்ளி வைத்தால் சமமாகும் என்று சொன்னது நான். அப்பா விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பார்த்து, சரிதான் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள்தான் எல்லாம் முடிந்தது. விமானத்தைக் கயிற்றில் கட்டி, தரையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். வெள்ளையாகப் புகை, வாலெல்லாம் எண்ணெய், சத்தம் கரகரவென்று இருந்தது. அம்மா மில் வாசலிலிருந்தே கத்தினாள்: “எண்ணெயக் கொறைங்க! காத்து கம்மின்னு எத்தினி வாட்டி சொல்றது?” அப்பா ஊசியை நாலு சொடுக்கு மூடினார். கரகரப்பு போய், குளவி பறக்கும் சத்தமாக ஒரே சீராக எழுந்தது. பறக்கவிட்டுப் பார்க்க நேரமில்லை.

ஞாயிறன்று ஊரே மைதானத்தில் இருந்தது. புளி உலுக்கப் போனவர்கள்கூட நீளக் கழியோடு வந்து நின்றார்கள். பொறுப்பாளர் ஜீப்பிலிருந்து இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு, ம் என்றார். அப்பா சட்டையை இன் செய்திருந்தார். விசிறியைத் தட்டினார். பற்றிக்கொண்டது.

பாதி மைதானம் தாண்டுவதற்குள் எழும்பியது. நாம் எல்லோரும் கத்தினோம். ஒரு சுற்று சுற்றி வந்து, நம் தலைக்கு நேர் மேலே மூக்கைத் தூக்கி, பத்து நாளுக்கு முன் திணறிய அந்த இடத்தைத் தாண்டி, மேலே போய், மல்லாந்து, முழு வட்டம் போட்டு இறங்கியது. அடுத்து தலைகீழ். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வயிற்றை வானத்துக்குக் காட்டியபடி போனது. ஒரு நொடிகூட இன்ஜின் இருமவில்லை. என் கொலுசு மணி உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் விமானத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விமானம் இறங்கியதும் பொறுப்பாளர் குனிந்து மூக்கைப் பார்த்தார். “பெரிய இன்ஜினா போட்டிருக்கீங்க. மலைக்கு இதுதான் சரி. கீழ இருந்து வர்றவங்க நெறைய பேர் இதுல தப்பு பண்ணுவாங்க. யார் யோசனை?”

அம்மா நாலடி தள்ளி நின்றாள். புருவத்தில் மாவு. அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பொறுப்பாளரைப் பார்த்தார்.

“என்னோட யோசனைதான் சார்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மில்லைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச நேரத்தில் டீசல் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அரைக்க யாரும் வந்திருக்கவில்லை.

விளக்கு வைத்த நேரத்தில் அப்பா ரொம்பக் குஷியாக இருந்தார். வேலை உறுதி, வைகாசியில் சேர வேண்டும்.

“நாளைக்கு காலைல புளிக்காரரைப் பாத்து மில்லு விஷயத்த முடிச்சிட்டு வர்றேன்.”

“வேணாங்க” என்றாள் அம்மா. தட்டில் களி வைத்துக்கொண்டே சொன்னாள். “நீங்க கீழ போய்ட்டு வாங்க. நான் வர்ல.”

“வர்லன்னா? இன்னா பேசற நீ?”

“ஏரோப்ளேன் இன்ஜினுக்கு நீங்களே யோசன பண்ணிக்கிறீங்க. உங்களுக்குத் தொண எதுக்கு? இந்த டீசல் இன்ஜினுக்குத்தான் ஆள் இல்ல. நீங்க ஏரோப்ளேனப் பாருங்க. நான் மாவப் பாக்கறேன்.”

அப்பா களியைப் பிசைந்துகொண்டே இருந்தார். மில்லை விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேச்செடுத்ததில்லை.

ஊர் என்ன பேசியது என்று உங்களுக்கே தெரியும். புருஷனைத் தனியாக அனுப்பிய திமிர் பிடித்தவள் என்றார்கள். உங்கள் வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள், சாமையை மட்டும் அவளிடமே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே. நானும் சொன்னேன். சினிமா கொட்டகை போச்சே என்று ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. வீம்புக்காகத்தான் வரமாட்டேன் என்கிறாள் என்று எத்தனையோ வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு கடை வைத்து, என் பெயரில் பலகை மாட்டிய அன்றுதான் புரிந்தது. மூச்சு முட்டிக் கிடந்த ஓர் இன்ஜினை நாலு மெக்கானிக்குகள் கைவிட்ட இடத்தில் ஓடவைத்தவள் அவள். அதை விட்டுவிட்டு, கீழே ஒரு குடியிருப்பில் ‘விமானம் ஓட்டுகிறவர் வீட்டம்மா’வாக எப்படி உட்காருவாள்?

அப்பா திங்கள் பஸ்ஸில் போய் சனிக்கிழமை வருவார். அவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் புது இன்ஜின் வாங்கும்போதெல்லாம் அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறுவார். மில் மேஜையில் வைப்பார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, விசிறியைச் சுற்றிப் பார்த்து, “இது கீழ ஓட்டறதுக்கு சரி” என்பாள், அல்லது “இத்த திருப்பிக் கொடுத்துடுங்க” என்பாள். அவர் அப்படியே செய்வார். ஒரே ஒரு நாள்கூட, அன்றைக்கு அது உன் யோசனைதான் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அவர் வேலையில் இருந்தவரை அந்த மஞ்சள் பை மலை ஏறத் தவறியதில்லை.

சரி, இப்போது நம் விமானம். மெத்தனாலும் இல்லை, பெட்ரோலும் இல்லை. மின்மோட்டார். நர்ஸம்மா கோபப்பட வேண்டாம், வாசனைக்கு ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் கொண்டுவருகிறேன். அம்மா சொன்னபடி மலையில் காற்று கம்மி, மோட்டாருக்கு மூச்சே வேண்டாம். ஆனால் விசிறி அந்தக் காற்றைத்தான் தள்ளியாக வேண்டும், அதனால் கீழே போடுவதைவிட ஓர் அங்குலம் பெரிய விசிறி. மடல்களை ஆட்டும் சர்வோக்கள் இரும்புப் பல் வைத்தவை. இணைப்புக் கம்பி கடையில் விற்கும் எஃகுக் கம்பி. சைக்கிள் ஆரக்கம்பி ஞாபகத்துக்காக ஒன்றுகூட வேண்டாம், டிராக்டர்க்காரர் யாருடைய சைக்கிள் பக்கமும் போகாமல் இருக்கட்டும். எல்லாம் வாங்கியாயிற்று, என் கடை மேஜையில் இருக்கிறது. போன வாரம் மலைக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தை மாதம் அது குட்டிக்கரணம் போட்டு இறங்கியதும் கூட்டத்தில் யாராவது வந்து, யார் யோசனை என்று கேட்பார்கள். யாரும் முந்திக்கொள்ளாதீர்கள். அந்தப் பதில் என்னுடையது. “எங்க அம்மாவோட யோசனை” என்று சொல்லப்போகிறேன். மின்மோட்டாரில் சத்தம் கம்மி, நான் சொல்வது மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்கும்.